என் கோச் வேலை போன ஞாயிற்றுக்கிழமை

கால்பந்தில் பிரான்ஸ் தோற்ற மறுநாள் காலை, என் ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டை இரண்டு பிரதி எடுக்கச் சொன்ன ஒருவருக்குப் பதினேழு எடுத்துக் கொடுத்தேன். "மீதிய இன்னா பண்றது?" என்றார். "மனசு சரியில்லைங்க" என்றேன். அவர் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனசு சரியில்லாததற்குத் தோல்வி காரணமில்லை. தோற்பது எங்களுக்குப் பழக்கம்தான். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். அன்றைக்கு எங்கள் ரசிகர் கூட்டம் கூடி, என் நண்பன் ஒருவனை இனிமேல் மேட்ச் பார்க்க வராதே என்று சொல்லப் போகிறது. அவன் செய்ததாகச் சொல்லப்பட்ட தப்பைச் செய்தது நான். இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவனுக்கும் எனக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவன் திறக்காதது பெருந்தன்மை. நான் திறக்காததற்கு வேறு பெயர்.

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், அதனால் கால்பந்தில் எங்கள் அணி பிரான்ஸ்தான். இங்கே சாரம் பகுதியில் எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய கோடவுனில் நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். ரிசப்ஷனில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பெரிதாகக் காட்டுகிற திரையும் ஒன்று உண்டு. கால்பந்து பார்க்க இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. மேட்ச் அன்று முகூர்த்தம் மட்டும் இருக்கக்கூடாது. உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை எது வந்தாலும் பதினைந்து இருபது பேர் அங்கே கூடிவிடுவோம். தெருக்காரர்கள் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்ததால், ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் பார்ப்பது வழக்கம்.

எங்களுக்கென்று தனியாக ஒரு கோச் உண்டு. மைதானத்தில் ஆடுகிறவர்களுக்கு அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற எங்களுக்கு. யார் எங்கே உட்காருவது, யார் எப்போது எழுந்து தண்ணீர் குடிக்கலாம், பெனால்டி அடிக்கும்போது யார் திரும்பிச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் கோச் முடிவு. சிரிக்காதீர்கள். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்துவிடும் என்று இரண்டு மணி நேரம் ஒரே காலில் நின்றவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். நாங்கள் அதற்கு ஒரு பதவியை உண்டாக்கினோம், அவ்வளவுதான்.

அந்தப் பதவி எனக்கு வந்தது தகுதியால் அல்ல, எடையால். ஒரு மேட்ச்சில் என் நாற்காலியின் பின்கால் முறிந்து நான் மல்லாக்க விழுந்தேன். அதே நொடியில் எல்லோரும் கத்திக்கொண்டு எழுந்தார்கள். என்னைத் தூக்கத்தான் எழுந்தார்கள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். பிரான்ஸ் கோல் போட்டிருந்தது. நான் விழுந்ததால்தான் கோல் விழுந்தது என்று அன்றே தீர்மானமாகி, அப்போதிருந்த கோச்சை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். உடைந்த நாற்காலியைக் கோடவுன் அண்ணன் தூக்கிப் போடவில்லை. கயிறு கட்டி அதிலேயே என்னை உட்காரவைத்தார்.

பதவி கிடைத்தவன் சும்மா இருப்பானா? நான் எடுத்த முதல் பெரிய முடிவு, தள்ளியிருக்கிற கடலோரக் காலாப்பட்டிலிருந்து வருகிற அந்த நண்பனை வெளியே நிறுத்தியது. அவன் மீன் ஏலத்தில் வேலை பார்க்கிறவன். கடற்கரை மணலில் ஆடி வளர்ந்த கால். எங்களில் நிஜமாகப் பந்தை உதைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் ஒரு தடவை அவன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது எதிரி கோல் போட்டான். இன்னொரு தடவை வறுத்த வஞ்சிரத்தோடு உள்ளே வந்தான், மறுபடியும் கோல். மீனை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்பினோம். "ராசி சரியில்ல மச்சான், தெருவுல நில்லு, நாங்க கத்துறத வச்சுத் தெரிஞ்சுக்கோ" என்றேன். அவன், "செரி கோச்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்தக் கோப்பையின் மீதி ஆட்டங்கள் முழுக்கப் பைக்கில் வந்து தெருவில் நின்றான். பிரான்ஸும் ஜெயித்துக்கொண்டே வந்தது. நான் எவ்வளவு பெரிய மேதை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாகத் தோற்ற அந்த மேட்ச்சில்தான் நான் கெட்டேன். ஆட்டம் சமமாக இருந்தது, முடியப் பத்து நிமிடம் இருக்கும். தற்செயலாகத் திரும்பினால் ஷட்டருக்குக் கீழே அவனுடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. பந்தை நிறுத்தி, தள்ளி, திரும்பி, காற்றை உதைத்தன. திரையில் பந்து வேறு எங்கேயோ இருந்தது. பாவம், ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் கற்பனையில் ஆடுகிறான் என்று நினைத்தேன். மெதுவாக எழுந்து போய், குனிந்து, "உள்ள வாடா" என்றேன்.

வந்தான். எல்லோர் கண்ணும் திரையில் இருந்ததால் நான் கூப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்து எங்கள் தடுப்பாட்டக்காரன் கையில் பட்டது. வீடியோவில் பார்த்துப் பெனால்டி கொடுத்தார்கள். கதை முடிந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். உள்ளே அவன் நிற்கிறான். "யாருடா உன்ன உள்ள வுட்டது?" என்று கோடவுன் அண்ணன் கத்தினார். அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் அவ்வளவு ஒட்டடை இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். "நானேதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஒரு பாதி, மார்க்கெட் முடிந்து ஒரு பாதி என்று பத்து மணிக்கெல்லாம் கோடவுன் நிறைந்துவிட்டது. பெரிய போட்டி முடிந்தால் இப்படி உட்கார்ந்து அலசுவது எங்கள் வழக்கம். டீயும் மசால் வடையும் வந்தன. காலாப்பட்டு நண்பனும் வந்து ஷட்டருக்கு வெளியே பைக்மேல் உட்கார்ந்திருந்தான். தீர்ப்பைக் கேட்கக்கூட உள்ளே வரவில்லை.

முதலில் கைப் பிரச்சினை. பிரான்ஸ் ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய்; அவருக்கு நாங்கள் எல்லோரும் முசே, அதாவது ஐயா. அவர் எழுந்தார். "கை இருந்தா பந்து படத்தான் செய்யும் முசே. கைய வூட்ல கழட்டி வச்சிட்டா வந்து ஆடுவான்?"

கோடவுன் அண்ணனின் தங்கை கணக்கு டீச்சர். எங்களில் கால்பந்துச் சட்டப் புத்தகம் படித்தவர் அவர் மட்டும்தான். "கை ஒடம்போட ஒட்டி இருந்தா வேற. இப்படி றெக்க மாதிரி விரிச்சிருந்தான். பெனால்டிதான்" என்று கையை விரித்துக் காட்டினார். அந்த விரிந்த கையில் பட்டு ஒருவருடைய டீ கவிழ்ந்தது.

"பார்த்தியா, வேணும்னா தட்டுன?" என்றார் சொல்தா.

"வேணும்னு இல்ல. ஆனா டீ போச்சே. அதுக்குப் பேருதான் பெனால்டி" என்றார் டீச்சர். சொல்தா வடையைக் கடித்தார்.

அடுத்தது கோச் மாற்றம். பிரான்ஸ் கோச் விலகுகிறார், புதியவர் வருகிறார் என்று செய்தி வந்திருந்தது. "கோப்பைய வாங்கிக் குடுத்த மனுஷன், அவர அனுப்புறது நன்றி கெட்ட வேல" என்று சொல்தா கண் கலங்கினார். அவர் கண் கலங்கியது கோச்சுக்காகவா வடைக்குள் இருந்த மிளகாய்க்காகவா என்று சரியாகத் தெரியவில்லை. "ஒரு கோல் போட்டுட்டுப் பூட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்தா இப்படித்தான். புது ஆள் வரட்டும்" என்றார் டீச்சர். கோடவுன் அண்ணன், "எந்த கோச் வந்தாலும் நாற்காலிய மாத்திப் போடுவான். எங்கிட்ட இருக்கிறது அதே நாற்காலிதான்" என்றார். அரை மணி நேரம் அதிலேயே ஓடியது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக என்னைப் பேசவிடாமல் நிறுத்துவதுதான் அவர்களுக்கு வேலை. அன்றைக்கு டீச்சர், "ஒடம்பு செரியில்லையா?" என்று கேட்டார்.

அதற்குள் கோடவுன் அண்ணன் தொண்டையைச் செருமினார். "செரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். அவன் சொல் பேச்சு கேக்காம உள்ள வந்தான், ஆட்டம் போச்சு. அடுத்த போட்டியிலருந்து அவன் தெருவுக்கே வர வேணாம். கோச், நீங்க சொல்லுங்க."

கோச் சொல்ல வேண்டுமாம். எழுந்தேன். வெளியே பைக்கின் முன்சக்கரம் தெரிந்தது, பக்கத்தில் அந்த இரண்டு கால்கள். இந்த முறை அவை ஆடவில்லை. ஒரு நல்ல வாக்கியத்தை மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன். பாதிப் பொய், பாதி உண்மை, யாருக்கும் அடிபடாத வாக்கியம். வாயைத் திறந்ததும் அது மறந்துபோய்விட்டது.

"நான்தான் கூப்ட்டேன்" என்றேன்.

"யார?"

"அவன. உள்ள வாடான்னு நான்தான் சொன்னேன். அன்னிக்கு நீங்க கேட்டப்போ பயந்துட்டேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் பிறப்பு, வளர்ப்பு, ஜெராக்ஸ் தரம் எல்லாம் அலசப்பட்டன. "கோச்சே காட்டிக் குடுத்துட்டாரே!" என்றார் ஒருவர். சொல்தா பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்லவேளை, எனக்கு பிரெஞ்சு தெரியாது.

அப்போதுதான் ஷட்டருக்கு அடியில் குனிந்து காலாப்பட்டு நண்பன் உள்ளே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே அவனேதான் வந்தான்.

"அவர உடுங்க. நானும் ஒண்ணு சொல்லணும். எல்லா மேட்ச்சும் நான் பார்த்தேன்."

"எங்க?"

"வெளியதான். ஃபோன்ல." தலையைச் சொறிந்தான். "அதுல அர நிமிஷம் லேட்டா வரும். நீங்க கத்துனப்புறம்தான் எனக்கு கோல் வரும். என்னா நிம்மதி தெரியுமா? பந்து போறப்பவே தெரியும், இது கோல்னு."

காற்றை உதைத்த கால்கள் எனக்கு அப்போதுதான் விளங்கின. அவன் கற்பனையில் ஆடவில்லை. அரை நிமிடம் பிந்திய அதே ஆட்டத்தைத்தான் ஆடியிருக்கிறான். நான் பரிதாபப்பட்டது வீண். ஆனால் அந்தப் பரிதாபம் இல்லாவிட்டால் அவனைக் கூப்பிட்டிருக்க மாட்டேன், வேலையும் போயிருக்காது.

"ஃபோன்லயே தெரியுதுன்னா காலாப்பட்டுல உக்காந்தே பாக்க வேண்டியதுதானே? எதுக்குடா இம்மாந்தூரம் வந்து தெருவுல நின்ன?" என்று கோடவுன் அண்ணன் கேட்டார்.

"வூட்ல ஒத்தையா பார்த்தா யார்கிட்ட சண்ட போடுறதுண்ணா?"

டீச்சர் கணக்குப் போட ஆரம்பித்தார். "அப்படின்னா இவன் பார்த்த மேட்ச் எல்லாம் நாம ஜெயிச்சிருக்கோம். கடைசில ஃபோன வச்சிட்டு உள்ள வந்தான், தோத்தோம். ஆக, இவன் பார்க்கறதால ஒண்ணும் ஆவல."

"ஃபோன வச்சதாலதான் ஆச்சு!" என்றார் சொல்தா.

"ஐயா, போதும்."

சொல்தா அதோடு நின்றார். அவரை அப்படி நிறுத்தக்கூடியவர் டீச்சர் ஒருவர்தான்.

அதன்பிறகு நடந்தது வேகமாக நடந்தது. நண்பனுக்கு உள்ளே இடம் என்பது ஒருமனதாக. எனக்குக் கோச் வேலை இல்லை என்பதும் ஒருமனதாக, நான் தூக்கிய கையையும் சேர்த்துத்தான். புதிய கோச் யார் என்று பார்த்தபோது எல்லோரும் நண்பனைக் காட்டினார்கள். அவன் பின்வாங்கினான். "எனக்கு வாணாம்பா. ஏலத்துல கூவிக் கூவி வர்றவன், இங்கயும் கூவணுமா?" கடைசியில் அந்தப் பதவியையே எடுத்துவிடுவது என்று முடிவானது. எதிர்த்து ஓட்டுப் போட்டது சொல்தா மட்டும். அவருக்கு எதையும் எடுத்துவிடுவது பிடிக்காது.

வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "மச்சான், அன்னிக்கு..."

"உடு. கூரைய பார்த்தியே, அப்பவே தெரிஞ்சிடுச்சு, நீ தாங்க மாட்டன்னு. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒடஞ்சிடுவன்னு நெனச்சேன். கரெக்டா ஞாயித்துக்கெழம."

"ஒடையலன்னா?"

"வூடு தேடி வந்து ஒதைச்சிருப்பேன். எனக்குத்தான் பந்து ஒதைக்கத் தெரியுமே."

வீட்டுக்கு நடந்து போகும்போது உடம்பு காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. என் எடைக்கு அது சாதாரண விஷயம் இல்லை. மனைவியிடம் வேலை போன செய்தியைச் சொன்னேன். ஒரு நொடி முகம் மாறி, "கடைய மூடப் போறீங்களா?" என்றாள். கோச் வேலை என்றதும், "அதுக்கு ஏன் இளிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இளிப்பு அடங்க மாலையாயிற்று.

புதிய கோச் வந்தபிறகு பிரான்ஸ் ஆடிய ஒரு சிநேக ஆட்டத்துக்குத்தான் மறுபடியும் கூடினோம். யார் எங்கே என்று சொல்ல ஆள் இல்லாததால், பத்து நிமிடம் எல்லோரும் நாற்காலிகளுக்கு நடுவே தொலைந்துபோனவர்கள் மாதிரி நின்றோம். பிறகு உட்கார்ந்தோம். காலாப்பட்டு நண்பன் எனக்குப் பக்கத்தில், முன்வரிசையில். இருபதாவது நிமிடம் எதிரி கோல் போட்டான். சுலபமான பந்து, பிடித்திருக்க வேண்டியது.

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை. அவன்தான் முதலில் எழுந்து, காலாப்பட்டு வரைக்கும் கேட்கிற குரலில் கோல்கீப்பரைத் திட்டினான். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து, வெகு காலத்துக்குப் பிறகு, திட்டவேண்டிய ஆளையே திட்டினோம்.