என் வாசலில் நிற்கும் மிக்டாலியாவின் வேன்

மிக்டாலியா கெசாடாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சரிதான். அவள் மேல் நகராட்சிக்குப் புகார் கொடுத்தவனே நான்தான். ஆனாலும் இருபத்திரண்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவனைவிட அவளை யாருக்கு நன்றாகத் தெரியும்? அதனால் நானே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

அவள் பிளம்பர். கியூபாவில் இருந்தபோது நீரேற்று நிலையத்தில் என்ஜினியர். மயாமிக்கு அடுத்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பட்டத்தை யாரும் சீந்தவில்லை. "பட்டம் கிடக்கட்டும். தண்ணி எந்த நாட்டுலயும் பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடுது" என்று சொல்லிவிட்டுப் பரீட்சை எழுதி, பிளம்பர் லைசென்ஸ் வாங்கினாள். இப்போது ஐம்பத்தொன்பது வயது. ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டாள், குரல் மட்டும் தெருக்கோடிவரை போகும். அவளுடைய வெள்ளை வேனின் கூரையில் இரண்டு ஏணிகள், குழாய் வைக்கும் நீளமான பெட்டி ஒன்று. பக்கவாட்டில் சிவப்பு எழுத்து: "மிக்டாலியா. எந்த அடைப்புக்கும் அஞ்சமாட்டேன்."

அந்த வேனை அவள் தன் வீட்டு வாசலில்தான் நிறுத்துவாள். முன்பு ஒருமுறை ஊருக்கு வெளியே வாடகை இடத்தில் விட்டிருந்தாள். பூட்டை அறுத்து உள்ளே இருந்த அத்தனையையும் அள்ளிப்போனார்கள், மூன்று வருஷம் சேர்த்து வாங்கிய அடைப்பு எடுக்கும் இயந்திரம் உட்பட. நான்கு மாதம் வேலையில்லாமல் கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது இதுதான்: "இனிமே என் வண்டி என் ஜன்னலுக்குக் கீழதான் நிக்கும். எவன் வந்தாலும் சரி."

இனி என் யோக்கியதைக்கு வருகிறேன். நான் எவேலியோ பார்தோ, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டை விற்றுவிட்டு டாம்பா நகரில் மகளோடு இருக்கலாம் என்று நினைத்தேன். தரகர் பெண் வந்து வாசலில் "விற்பனைக்கு" பலகையை நட்டாள். அப்படியே பக்கத்து வேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "வீடு நல்லா இருக்குங்க. ஆனா அந்த வண்டி உங்க விலையைக் கெடுத்துடும்" என்றாள். சொன்னபடியே நடந்தது. பார்க்க வந்த மூன்று குடும்பமும் வேனைப் பார்த்துவிட்டுக் காரைவிட்டு இறங்காமலே போனார்கள். மூன்றாவது குடும்பம் போனதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போனை எடுத்தேன்.

"பேரும் முகவரியும் சொன்னாத்தான் புகாரை எடுப்போம்" என்றார்கள். சொன்னேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவள் நாலு திட்டுத் திட்டிவிட்டு வண்டியை வேறெங்காவது விடுவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். வந்ததோ அவள் கதவில் ஒட்டிய மஞ்சள் தாள். வியாபார வண்டியைக் குடியிருப்பு வாசலில் நிறுத்தியது குற்றம். வண்டி போகும்வரை ஒரு நாளைக்கு நூற்றைம்பது டாலர் அபராதம். கட்டாவிட்டால் பாக்கி வீட்டின் பேரில் ஏறும், கடைசியில் வீடே போகும்.

அன்று மாலை தெருவே அவள் வாசலில் கூடியது. ஃபிளாஸ்கில் காப்பி வந்தது, சின்னச் சின்னக் கோப்பைகள் கைமாறின. எதிர்வீட்டு நிவால்டோ கத்தினான்: "யாரு அந்தக் காட்டிக்கொடுத்த நாய்? மூலைவீட்டு டேலாத்தான் இருக்கும். புல்லு ஒரு விரல் வளந்தாலே அவனுக்குத் தூக்கம் வராது."

எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாங்கள் விட்டுவந்த கியூபாத் தீவில் தெருவுக்கொரு காவல் குழு இருந்தது. யார் வீட்டில் கறி வாசனை வந்தது, யாருக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தது என்று எழுதிவைப்பார்கள். எழுதியது பக்கத்து வீட்டுக்காரனாகவே இருப்பான். அதற்குப் பயந்து கடல் தாண்டி வந்த கூட்டம் நாங்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் நின்றேன்.

மிக்டாலியாதான் நிவால்டோவை அடக்கினாள். "யாரா இருந்தா என்ன? பேரு தெரிஞ்சா வண்டி சின்னதாயிடுமா? போய் வேலையைப் பாருங்க."

அடுத்த நாளிலிருந்து சண்டை தொடங்கியது. நகராட்சியிலிருந்து கிர்பி என்ற இளம் அதிகாரி வந்தான். மரியாதையான பையன், கையில் அளக்கும் டேப். எழுத்து தெரிவது குற்றம் என்றான். எழுத்தை வெள்ளைத் தாளால் மூடினாள். மறுநாள் வந்து ஏணி குற்றம் என்றான். ஏணிகளை இறக்கி வீட்டுக்குள் சோபாவுக்குப் பின்னால் சாய்த்தாள். மூன்றாம் முறை டேப்பை நீட்டிப் பார்த்து, "மூணு அங்குலம் உயரம் அதிகம்மா" என்றான்.

"மூணு அங்குலம்தானே? இருங்க தம்பி" என்று சொல்லி, நான்கு டயரிலும் காற்றை இறக்கிவிட்டாள்.

வேன் புஸ்ஸென்று உட்கார்ந்தது. கிர்பி மறுபடி அளந்தான். அளவு சரியாக இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஓடாத வண்டியை வாசல்ல வைக்கிறதுக்கு வேற விதி இருக்கும்மா" என்று சொல்லி எழுதினான். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், என்னை எண்ணி வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தேன்.

பத்தொன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, விசாரணை. தெருவே கிளம்பிப் போயிற்று. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நானும் போனேன். விசாரித்தது ஒரு வக்கீல் அம்மாள், மூக்குக் கண்ணாடியும் கட்டுக் காகிதமுமாக உட்கார்ந்திருந்தார். கிர்பி படம் காட்டினான், அளவு சொன்னான். பிறகு அந்த அம்மாள் கேட்டார்: "புகார் கொடுத்தவர் பேரு இதுல இருக்கு. தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை உண்டு. படிக்கட்டுமா?"

நிவால்டோ நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டான். மிக்டாலியா எழுந்து நின்றாள்.

"வேண்டாங்க. நான் பொறந்த ஊர்ல யாரு யாரைக் காட்டிக்கொடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன ஆச்சு? முப்பது வருஷம் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கலை. எனக்கு அந்த நோய் இங்கயும் வேண்டாம். நான் திருடலை, குடிச்சிட்டு ஓட்டலை. சாக்கடை அடைச்சுக்கிட்டவங்க வீட்டுல போய்க் கையை விடுறேன். அந்த வண்டிதான் என் சோறு. விதியைப் பத்திப் பேசுங்க, ஆளைப் பத்திப் பேச வேண்டாம்."

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. கால் தானாக எழுந்தது. "நான்தான்" என்றேன். "நான்தான் போன் பண்ணேன். வீட்டை விக்கணும்னு..."

மிக்டாலியா திரும்பிப் பார்த்தாள். கோபமா, வருத்தமா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"உக்காரு எவேலியோ. உன்னை யாரு கேட்டா?" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் அந்த அம்மாள் பக்கம் திரும்பி, மடித்து வைத்திருந்த விதித்தாளைப் பிரித்தாள். "ஏழாவது பிரிவை ஒரு தடவை சத்தமாப் படிக்கிறீங்களா?"

அந்த அம்மாள் படித்தார். நகராட்சியில் பெர்மிட் எடுத்து வேலை நடக்கும் வீட்டின் வாசலில், வேலை முடியும்வரை தொழிலாளியின் வண்டி இரவும் பகலும் நிற்கலாம். பெர்மிட் ஆறு மாதத்துக்குச் செல்லும். நடுவில் ஒரு பரிசோதனை தேறினால் அன்றிலிருந்து இன்னும் ஆறு மாதம்.

"உங்க வீட்டுல வேலை நடக்குதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. என் வீட்டுக் குழாயை வந்த வருஷமே மாத்திட்டேன். பொய்யா பெர்மிட் எடுக்க மாட்டேன்."

"அப்ப வேற வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வண்டி உங்க வாசலை விட்டுப் போகணும். அதுவரைக்கும் ஆன அபராதத்துல பாதியைத் தள்ளுறேன். மீதியைக் கட்டிடுங்க."

"போயிடும்ங்க" என்றாள். தோற்றவள் குரல் இல்லை அது.

வெளியே வந்ததும் யாரும் என்னோடு பேசவில்லை. நிவால்டோ என் காலடியில் துப்பினான். (அந்த வார இறுதியில் அவன், வீணாகச் சந்தேகப்பட்டதற்குப் பரிகாரமாக, ஒரு தட்டு வறுத்த பன்றிக்கறியை எடுத்துக்கொண்டு மூலைவீட்டு டேலிடம் போனது வேறு கதை.) நான் மிக்டாலியாவின் பின்னால் ஓடினேன். "அபராதத்தை நான் கட்டிடறேன். முழுசா" என்றேன்.

அவள் நின்றாள். "உன் காசு எனக்கெதுக்கு? எனக்கு உன் வாசல் வேணும்."

சனிக்கிழமை காலை கதவைத் தட்டினாள். கையில் பாம்பு போலச் சுருட்டிய கேமரா வயர். நேராக என் குளியலறைக்குள் போய், சாக்கடைக் குழாயில் அதை இறக்கினாள். திரையைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டினாள். வீட்டுத் தரைக்கு அடியில் வார்ப்பிரும்புக் குழாய் மக்கிப்போய்க் கிடந்தது. அடிப்பக்கம் இல்லவே இல்லை, மணல்தான் தெரிந்தது.

"இதை வச்சுக்கிட்டா வீட்டை விக்கப் பார்த்தே? என் வண்டியா உன் விலையைக் கெடுத்துச்சு?"

பெர்மிட் தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே நகராட்சியின் இணையதளத்தில் ஏற்றிப் பெர்மிட்டை வாங்கிவிட்டாள்.

"குழாய்க்கு மட்டும் பணம் குடு. கூலி வேண்டாம். ஆனா வேலை மெதுவாத்தான் நடக்கும். வெளி வேலைக்கு நடுவுலதான் இங்க தோண்டுவேன். தரைக்கு அடியில சுரங்கம் மாதிரித் தோண்டணும். எனக்கு வயசாயிடுச்சு பாரு."

வயதாகிவிட்டதாம்! என்னைவிடப் பதினோரு வயது சின்னவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் டயர்களுக்குக் காற்றடித்தாள். ஏணிகளைக் கூரையில் ஏற்றினாள். எழுத்தின் மேலிருந்த தாளைக் கிழித்தாள். பிறகு இருபதடி தூரம் ஓட்டிவந்து, என் வாசலில், தரகரின் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தெருவே நின்று கைதட்டியது. திங்கட்கிழமை வந்த தரகர் பெண் வேனையும், அன்று காலை மிக்டாலியா வாசலில் தோண்டத் தொடங்கியிருந்த பள்ளத்தையும் மாறிமாறிப் பார்த்தாள், காரில் ஏறிப் போனாள். அந்தப் பலகையைப் பிடுங்கிப் பள்ளத்தின் குறுக்கே போட்டு, மிக்டாலியா அதன் மேல் நடந்து போய்வருகிறாள். "உன் பலகை நல்ல உறுதி, எவேலியோ" என்று சொல்லிச் சொல்லி மிதிப்பாள்.

முதல் வாரம் தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். இரண்டாம் வாரம் நிவால்டோ தானே வந்தான். என்னிடம் பேசவில்லை, அவளிடம் பேசினான். "எங்க வீட்டுலயும் அதே குழாய்தான் இருக்கும். ஒரே வருஷத்துல ஒரே ஆளு கட்டின தெருதானே இது? அடுத்தது என் வீடு." அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மூலைவீட்டு டேல் தன் பெயரை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். தெருவில் பதினேழு வீடு. அவள் வீட்டைத் தவிர்த்தால் பதினாறு.

போன மாதம் முதல் பரிசோதனை தேறியது. பெர்மிட் இன்னும் ஆறு மாதம் நீண்டது. மகள் டாம்பாவிலிருந்து கூப்பிட்டு எப்போது வருகிறாய் என்றாள். வீட்டில் வேலை நடக்கிறது என்றேன்.

நேற்று கிர்பி டேப்போடு வந்தான். ஜன்னலில் ஒட்டியிருந்த பெர்மிட்டை மேலிருந்து கீழ்வரை படித்தான். பள்ளத்துக்குள்ளிருந்து மிக்டாலியாவின் பாட்டு வந்துகொண்டிருந்தது.

"இது எப்பங்க முடியும்?" என்று என்னிடம் கேட்டான்.

நான் வேனில் சாய்ந்துகொண்டேன். "வீட்டுக்கு ஆறு மாசம்னு வச்சாக்கூட, தம்பி, எட்டு வருஷம் ஆகும். அப்ப அவளுக்கு அறுபத்தேழு வயசு. வண்டியை வித்துடுவேன்னு சொல்லியிருக்கா. அதுவரைக்கும் நீங்க அளக்கணும்னா அளந்துக்குங்க."

அவன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். புகார் யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றான்.

"குடுத்தா பேரை எங்ககிட்ட சொல்லாதீங்க" என்றேன்.