எண்ணெய் என்று கத்தியபோது

2024 ஜூன் 15, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து துணி துவைத்துக் காயப்போட்டேன். ஈப்போவில் எங்கள் புந்தோங் சந்தையில் கீரையும் மீனும் வாங்கி வந்து, மீனைச் சுத்தம் செய்து உப்பு மஞ்சள் தடவி வைத்தேன். பத்து மணிக்கு நானும் கணவரும் எங்கள் காரில் பத்து காஜா ஊர்ப்பக்கம் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டோம்.

தம்பியிடம் ஒரு பழைய பந்தயக் கார் இருக்கிறது. என் கணவர் பிறப்பதற்கு முன்பே ஓடிய கார். தம்பி மனைவிக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தையோடு அதில் ஏற முடியாது என்பதால், எங்கள் காரோடு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தான். அன்றிலிருந்து கணவருக்கு வேறு பேச்சே இல்லை. எனக்கோ மனமே இல்லை. எங்கள் காரில் நான்கு கதவுகள், குளிர்சாதனம், பின்னால் பார்க்கக் கேமரா. பெல்ட் போடாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் காரில் கதவும் இல்லை, கூரையும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஈப்போ மழையில் அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

ஓட்டிப் பார்ப்பதற்காகப் பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலைக்குப் போனோம். இப்போது அங்கே இருபுறமும் செம்பனை மரங்கள்.

“மாமா, இது நம்ம காடி மாதிரி இல்ல. எண்ணெய் நடுவுல, பிரேக் வலது பக்கம்” என்றான் தம்பி. இங்கே எங்களுக்குக் கார் என்றால் காடி; வேகம் கூட்டும் மிதியும் எண்ணெய்தான்.

“நீ டவுசர் போடாத காலத்துலயே நான் லைசென்ஸ் எடுத்தவன் லா, மச்சான்.”

கணவர் தனியாக ஏறி, மெதுவாகத்தான் போனார். “என்ன மாமா, மாட்டு வண்டியா? எண்ணெய மிதிங்க!” என்று தம்பி கத்தினான். சாலை முடியும் இடத்தில் ஆழமான கால்வாய். அதன் முன்னால்தான் நானும் தம்பியும் நின்றோம். கார் மேட்டுக்குப் போய்த் திரும்பி, சரிவில் எங்களை நோக்கி வேகமாக வந்தது. அப்போது காரின் அடியிலிருந்து கறுப்பாக ஒழுகுவதைத் தம்பி பார்த்துவிட்டான்.

“எண்ணெய்! மாமா, எண்ணெய்!”

அவன் சொன்னது எஞ்சின் எண்ணெயை. இவர் மறுபடியும் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நடுவில் மிதித்திருந்தால் எங்களையும் இழுத்துக்கொண்டு கார் கால்வாயில் விழுந்திருக்கும். ஆனால் எங்கள் காரில் எண்ணெய் இருக்கும் வலது பக்கத்துக்கே கால் பழக்கத்தில் போயிருக்கிறது. இந்தக் காரில் அங்கே இருப்பது பிரேக். கார் குலுங்கி, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

“எண்ணெயத்தானே மிதிச்சேன்? ஏன் நின்னுச்சு?” என்றார்.

தம்பி புல்லில் உட்கார்ந்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தான். மூச்சு வந்த பிறகு நானும் சிரித்தேன். எங்கள் காரிலேயே வீடு திரும்பினோம்.

மறுநாள் காலை, கணவர் பல்கூடத் துலக்காமல் தம்பிக்குப் போன் போட்டார்.

“உன் காடிய நீயே வச்சுக்க லா, மச்சான்.”

“அப்ப புள்ளைய எதுல கொண்டாறது மாமா?”

“வலி வந்தா கூப்பிடு. நம்ம காடியில நானே வாரேன்.”