சிஸ்டருக்குத் தெரியாத மொழி

வலது அடிவயிற்றில் லேசாக விரலை அழுத்தி, இங்கேதான் வலிக்கிறதா என்று சைகையில் கேட்டேன். கட்டிலில் கிடந்த வெள்ளைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போ, போ" என்றார். என் முகம் சுண்டிவிட்டது. நோயாளிகள் திட்டுவது நர்ஸுகளுக்குப் பழக்கம்தான். ஆனால் தமிழே தெரியாத ஒருவர் தமிழில் விரட்டியது அன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரைக்கு வெளியே ஒரு மில்லில் இயந்திரம் பூட்ட யூகோஸ்லாவியாவிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் பம்பாய்க்குப் போயிருந்தபோது இவருக்குக் காய்ச்சலும் வாந்தியும் கண்டு எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டைஃபாய்டாக இருக்கும் என்று ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் சோழவந்தான் முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் வார்டு சிஸ்டரான கன்னியாஸ்திரியும் அதே நாட்டுக்காரர். ஆயாக்களிடம் தமிழ் படித்தவர் என்பதால் அம்புட்டு, இம்புட்டு எல்லாம் சரளமாக வரும். அவரைக் கூட்டி வந்தேன். முதலில் தன் தாய்மொழியான ஸ்லோவேனியனில் கேட்டார். பிறகு அந்த நாட்டில் பலருக்கும் பொதுவான இன்னொரு மொழியில் கேட்டார். காய்ச்சல் வேகத்தில் நோயாளி வேறு எதையோ முனகினார்.

"இது அல்பேனியன். எனக்குத் தெரியாது" என்றார் சிஸ்டர். ஒரே நாட்டுக்காரர் பேசுவது எப்படிப் புரியாமல் போகும் என்று கேட்டேன். அஸ்ஸாம்காரர் பேசினால் உனக்குப் புரியுமா என்று திருப்பிக் கேட்டார்.

"வயித்துல கை வச்சேன் சிஸ்டர். போ, போன்னு விரட்டுறாரு."

சிஸ்டர் அப்படியே நின்றார்.

"விரட்டல. அவுங்க பாஷைல போன்னா ஆமான்னு அர்த்தம்."

அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். புறப்பட்டுவிட்ட ஜீப்பைக் கையால் தட்டி நிறுத்தினார். அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை நடந்தது. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது என்றார் டாக்டர்.

எல்லோரும் சிஸ்டரைப் பாராட்டினோம். அவரோ காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சிஸ்டரின் ஊரில், வீட்டுக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருந்தவர் ஓர் அல்பேனியர். கடைக்கு வருபவர்களிடம் ஊர் மொழியில்தான் பேசுவார். மனைவி ஏதாவது கேட்டால் மட்டும் 'போ, போ' என்பாராம்.

"பதினெட்டு வருசம் அவரு சுட்ட ரொட்டியத் தின்னேன். இந்த ஒத்த வார்த்தைதான் மனசுல நின்னுருக்கு. அதுவும் நானா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதில்ல."

நோயாளி தேறியதும் சிஸ்டர் தினமும் அவர் கட்டிலருகே நோட்டுடன் உட்கார்ந்து அல்பேனியன் படித்தார். தன் தப்பான உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரித்தால், தையல் வலிக்கும், சிரிக்கக் கூடாது என்று அதட்டுவார். அந்த மனிதர் ஊர் திரும்புவதற்குள் சிஸ்டர், ரொட்டிக்கடைக்காரருக்கு அவருடைய மொழியிலேயே நான்கு வரிக் கடிதம் ஒன்றை எழுதி முடித்தார்.

பின்னாளில் அந்த நாடே பல நாடுகளாகப் பிரிந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

கடிதம் போய் இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கடைக்காரரின் மகன் எழுதியிருந்தார். மருந்து அறையில் நின்று சிஸ்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: அப்பாவுக்கு இப்போது கண் தெரியவில்லை, மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எதிரே இருந்த கடையில் கற்றிருக்கலாமே, இதற்காகவா இந்தியா வரைக்கும் போனாய் என்று கேட்கச் சொன்னார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிய பிறகு, வெகுநேரம் மாட்டவில்லை.