இறாலின் பங்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் நடந்தது இது. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் சேச்சி அன்று கூடையை இறக்கிவிட்டுத் தன் வயல் கவலையைச் சொன்னார். கடலோரத்தில் அவருக்குக் கொஞ்சம் பொக்காளி வயல் உண்டு. மழைக்காலத்தில் நெல், அறுப்பு முடிந்ததும் மடையைத் திறந்து உப்புநீரை விட்டு இறால். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அறுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மடை திறக்க முடிவாகிவிட்டது. சேச்சிக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. உப்பு ஏறினால் நெல் முழுக்கப் போய்விடும்.

நான் அதிகம் பேசாதவன். எப்படித்தான் வாய் வந்ததோ, "ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம் சேச்சி" என்று சொல்லிவிட்டேன். என்னைப் போலவே தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் வளர்ந்த மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இடுப்பளவு தண்ணீர். ஊர்ப் பழக்கத்தில் குனிந்து, நீருக்குள் கைவிட்டு அடியோடு அறுத்தேன். ஒரு மூலை முடிவதற்குள் வரப்பிலிருந்து சேச்சியின் சத்தம் கேட்டது.

"சேட்டா, அடியோட அறுக்கல்லே. கதிரு மட்டும் மதி. தாளு செம்மீனுக்குள்ள சோறாக்கும்."

அடியோடு அறுக்காதே, கதிர் மட்டும் போதும் என்கிறார். செம்மீன் என்றால் இங்கே இறால். தாள் அழுகி இறாலுக்குத் தீனியாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். வேறு உரமே போடுவதில்லையாம்.

"அப்ப நம்மூர்ல மூட்டை மூட்டையா யூரியா போட்டமே, அது?" என்றான் கூட வந்தவன்.

"உங்க நாட்டுல செம்மீன் லீவாயிருக்கும்" என்றார் சேச்சி.

பிறகு கதிரை மட்டும் கொய்து வள்ளத்தில், அதாவது சின்னப் படகில், அடுக்கினோம். எங்கள் கூடவே வரப்பில் கொக்குகள் நடந்து வந்தன. வரப்பில் உட்கார்ந்து கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் அவை பறந்துபோயின. பொழுது சாயும் முன் கடைசி வள்ளமும் கரை சேர்ந்தது. சேச்சி நெல்லைக் கையால் அளைந்துகொண்டே நின்றார்.

மறுநாள் மடை திறந்தார்கள். நான் அடியோடு அறுத்த மூலையில் மட்டும் செம்மீன் பட்டினி கிடக்கிறதாம். தெருவே கேட்கும்படி இன்றும் சேச்சி சொல்லிச் சிரிக்கிறார். எனக்குக் கூச்சமாக இருந்தாலும் பிடித்திருக்கிறது.

வயலில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் அறுப்பவன்தான் நல்ல வேலைக்காரன் என்று நினைத்திருந்தேன். எவ்வளவை விட்டுவிட்டு வரவேண்டும் என்று தெரிந்தவர்களோடு ஒரு நாள் நின்று வேலை செய்தேன் என்பது இப்போதும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

எழுதி முடித்தது: தை 12, ஞாயிறு.