பெட்டிக்குள் ஒளித்த திருவலை

பிள்ளைகளே, போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் கேட்டீர்கள்: "மாமா எங்களை விட்டிட்டுப் போகப் பார்த்தவரோ, பப்பா?" மாமா எழும்பிப் போய்க் கோப்பை கழுவத் தொடங்கினார். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். எழுதட்டோ என்று மாமாவிடம் கேட்டேன். "உள்ளதை எழுதும்" என்றார்.

உங்கள் அம்மா மாமாவின் தங்கச்சி. உங்களைப் பெற்றவர் லண்டனுக்குப் போய்த் திரும்பாமல் விட்டபிறகு, அம்மா உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு இங்கே சிசிலியில், போர்கோ வெக்கியோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் மாமாவும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஒன்றாக இருந்தோம். இரண்டு ஆண்கள் சேர்ந்து பதியலாம் என்று சட்டம் வந்தபிறகு, கொம்யூனேயில், அதுதான் நகரசபையில், நாங்கள் கையெழுத்து வைத்தபோது சாட்சிக்கு நின்றவரும் அம்மாதான். "மாப்பிள்ளையள் ரெண்டு பேரும் வந்திட்டினம், பொம்பிளையைத்தான் காணேல்லை" என்று அவர் சொன்னதற்கு, பதிவு எழுத வந்த சிஞ்ஞோரா, இத்தாலியப் பெண், தமிழ் ஒன்றும் விளங்காமலே சேர்ந்து சிரித்தார்.

உங்கள் அம்மா ஒரு தவக்காலத்தில், எங்கள் உள்அறையில், நோயில் கிடந்து இறந்தார். நீங்கள் சின்னப் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு மாமா காலையில் மூன்று கப்பில் தேத்தண்ணி ஊற்றுவார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு உள்அறை வாசல்வரை போவார். அங்கே நின்றுதான் நினைவு வரும். திரும்பி வந்து சிங்கில் ஊற்றிவிடுவார்.

"கேட்டுதோ?" என்று என்னைக் கேட்பார்.

"என்ன?"

"இருமினவள்."

"எனக்குக் கேக்கேல்லை."

கேட்டது. தினமும் இல்லை, சில நாட்களில். காய்ந்த சின்ன இருமல், கதவுக்கு அந்தப் பக்கம். சொன்னால் இன்னும் பயப்படுவார் என்று நினைத்து, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா அப்போது பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்க்கிற வேலை செய்தார். காலையில் ரயிலில் போய் இருட்டமுன் வருவார். அந்த வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு ஆள் வருவான், சிசிலிக்காரன். முதலில் மாமா அவனைப் பற்றி நிறையக் கதைத்தார். எலுமிச்சை வெட்டுகிற விதம், பாடுகிற பாட்டு என்று. பிறகு அவனைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரயிலை விட்டுவிட்டேன் என்று சொல்லி அங்கேயே தங்குவதும் தொடங்கியது.

எனக்கு இருந்த பயத்தையும் எழுதவேண்டும். அம்மா போனபிறகு உங்களுக்குப் பொறுப்பென்று பேப்பரில் இருந்தது மாமாவின் பெயர் மட்டும். எனக்கு உங்களோடு இரத்தச் சொந்தமும் இல்லை, பேப்பர்ச் சொந்தமும் இல்லை. மாமா போனால் நீங்களும் போவீர்கள்.

அந்த வருடம் நவம்பர் முதலாம் நாள், பள்ளிக்கூட விடுமுறை. அன்று இரவு இறந்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மையும் பாதாம் மாவில் செய்த பழங்களும் ஒளித்துவைத்துவிட்டுப் போவார்கள் என்று இஞ்சை எல்லோரும் சொல்வார்கள். குழப்படிப் பிள்ளைகளின் காலை மட்டும் சீஸ் திருவுகிற தகட்டால் திருவிவிடுவார்களாம். அதனால் அதை முதலே ஒளித்துவிடவேண்டும். இதையெல்லாம் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

நான் அம்மாவுக்குப் பிட்டும் சம்பலும் செய்து வைக்க நினைத்தேன்.

"வேதக்காரிக்குப் படையலோ?" என்றார் மாமா. அவரும் அம்மாவும் கிறிஸ்தவர்கள், நான் சைவம்.

"பசிக்கு வேதமும் சைவமும் தெரியாது. நீர் உம்மடை மெழுகுதிரியைக் கொளுத்தும், நான் பிட்டை அவிக்கிறன்."

தேங்காயை உடைத்துவிட்டுப் பார்த்தால் திருவலையைக் காணவில்லை. மேசை விளிம்பில் பூட்டிக் கைபிடியைச் சுற்றுவோமே, அம்மா மன்னாரிலிருந்து கொண்டுவந்தது, அதுதான். சீஸ் தகடு கொழுவின இடத்திலேயே இருந்தது. எல்லா இடமும் தேடிக் கடைசியில் எங்கள் கட்டிலுக்குக் கீழே இருந்த மாமாவின் நீலப் பெட்டியை இழுத்தேன். எப்போதும் வெறுமையாகக் கிடக்கிற பெட்டி பாரமாக இருந்தது. திறந்தேன். மாமாவின் சேர்ட்டுகள், சவரச் சாமான், சப்பாத்து எல்லாம் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கம்பளிச் சட்டைக்குள் சுற்றியபடி திருவலை.

வாசலில் மாமா.

"அதை ஏன் என்ரை பெட்டிக்குள்ளை வைச்சனீர்?"

"நான் வைக்கேல்லை. இஞ்சேரும், பகேரியாவுக்கோ?"

"ஓம்."

"அவனிலை விருப்பமோ?"

மாமா வந்து கட்டிலில் இருந்தார். "விருப்பம்தான். பொய் சொல்லமாட்டன். ஆனால் அங்கை அவள் இருமிறேல்லை. அங்கை படுத்தால் எனக்கு நித்திரை வருது."

"பிள்ளையள்?"

மாமா பெட்டிக்குள் இருந்த திருவலையைக் கையில் எடுத்தார். அப்போதுதான் சொன்னேன்: "எனக்கும் கேக்கிறது. இருமல்."

"பிறகேன் இல்லையெண்டனீர்?"

"நீர் பயப்பிடுவீர் எண்டு."

"தனியக் கேக்கிறதெல்லோ பயம்."

அந்த நேரம் பார்த்து நீங்கள் இருவரும் ஓடிவந்தீர்கள். அக்கா கத்தினாள்: "அதை எடுக்காதேங்கோ, மாமா!"

"பிள்ளை, இது சீஸ் திருவுறது இல்லையே?" என்று மாமா கேட்டார்.

"அம்மாவுக்கு இதுதானே பழக்கம்."

"அம்மா உங்கடை காலைத் திருவுவாவோ?"

"எங்கடையை இல்லை," என்றான் தம்பி. "நீங்கள்தான் கட்டீவோ, குழப்படி ஆள். வீட்டை வாறேல்லை. உங்கடை காலைத்தான் திருவுவா."

"உங்கடை பெட்டியை அம்மா திறக்கமாட்டா," என்றாள் அக்கா. "அதாலைதான் அதுக்குள்ளை ஒளிச்சனாங்கள்."

மாமாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வெறுங்கால் இரண்டையும் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு அழுதார். நீங்கள் பயந்துபோய் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அன்று தேங்காய் திருவியது அவர்தான். பெட்டியில் இருந்ததை அவர் ஒரேயடியாக எடுத்துவைக்கவில்லை. வேலைக்கென்று ஒரு சேர்ட், பூசைக்கென்று ஒரு சேர்ட், இப்படி எடுத்தெடுத்து அது தானாக வெறுமையானது. அதன்பிறகு அந்த ஆளை அவர் காணவில்லை என்று நான் எழுதமாட்டேன். அடுத்த கோடைவரை அதே வீட்டில்தான் வேலை. ரயிலை விடுவது மட்டும் நின்றது.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஓம், போகப் பார்த்தார்.

நீங்கள் திருவலையை ஒளிப்பதை விட்டுக் கனகாலம். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வந்தால் அது காணாமல் போகும். நான் தேடுவதில்லை. மறுநாள் காலை மேசை விளிம்பில் பூட்டியபடி இருக்கும். பக்கத்தில் மூன்றாவது கப் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்.

"கேட்டுதோ?" என்பார் மாமா.

"ஓம், கேட்டுது" என்று சொல்லிவிட்டு அதை எடுத்து நான் குடிப்பேன்.