பெங்களூருக்குப் போன அட்டைப்பெட்டி

நேற்று பக்கத்து வீட்டில் யாரோ பார்சல் பிரித்தார்கள். பிரவுன் டேப்பைச் சர்ரென்று கிழிக்கும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டதும் எழுந்து டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பார்சல் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். அது எங்கே ஒட்டிக்கொண்டது என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். நான் எறையூர்க்காரன். என் நண்பன் யூசுப்புக்கு ஊர் லப்பைக்குடிக்காடு, செல்போன் கடையில் இருந்தான். வெங்காய மண்டிக்கு மேலே இருந்த ஓர் அறையில் இரண்டு பேரும் குடியிருந்தோம். சின்ன வெங்காய நெடி சட்டையில், தலையணையில், சோற்றில்கூட இருக்கும். பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்கைத் தேய்த்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

யூசுப்பின் மாமா ஊரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். கடையை மூடியபோது, விற்காமல் கிடந்த விளையாட்டுக் கார்டுகளை மூட்டையாகக் கட்டி இவனிடம் கொடுத்துவிட்டார். மல்யுத்த வீரர்கள், கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், நெருப்பு கக்கும் மிருகங்கள். பள்ளிக்கூட வாசலில் பையன்கள் ஒன்றுக்கு இரண்டாக மாற்றிக்கொள்வார்களே, அவைதான். பேஸ்புக்கில் தேடி, மொத்தமாக வாங்கிக்கொள்ளும் ஒரு பெங்களூர்க் கடைக்காரரை யூசுப் பிடித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவான், சவுதியிலிருந்து இவனுக்கு விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். யூசுப்புக்குப் போக மனமில்லை.

"இது நல்லபடியா போய்ச் சேந்துட்டா, இங்கியே யாவாரம் பாத்துக்கறேன்னு அத்தாகிட்ட சொல்லிடுவேன் மாப்ள" என்றான்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சவுதிக்குப் போகப்போகிறவன் அவன், தூக்கம் போனது எனக்கு!

வகை வகையாகப் பிரித்து, கட்டுக் கட்டாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டேன். முடித்து நிமிர்ந்தபோது கடைக்காரரின் குரல் செய்தி வந்தது.

"ரப்பர் பேண்டு மட்டும் போட்டுராதீங்க தம்பி. ஓரத்துல பள்ளம் விழுந்துடும்."

அத்தனையையும் அவிழ்த்தோம். பேப்பர் பட்டை சுற்றினோம். என் உள்ளங்கை வியர்த்து அட்டையில் கறை படுமோ என்று பவுடர் பூசிக்கொண்டேன். அட்டைகள் கல்யாண வீடு மாதிரி மணந்தன. "வெங்காயமே பரவால்லடா" என்று யூசுப் தலையில் அடித்துக்கொண்டான். மழைக்காலம் வேறு. செருப்புக் கடை செருப்புக் கடையாக ஏறி, ஷூ டப்பாவில் ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் குட்டிப் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி வந்து உள்ளே போட்டோம்.

பைபாஸ் பக்கம் இருந்த பார்சல் ஆபீசுக்கு நான் பைக் ஓட்ட, பின்னால் யூசுப் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெல்ல, மெல்ல" என்றான். அங்கிருந்த ஆள் பெட்டியை வாங்கித் தொப்பென்று குவியலில் போட்டார்.

"அண்ணே, பாத்துண்ணே!"

"ஏன், உள்ள கண்ணாடியா?"

"கார்டுண்ணே."

"கல்யாணக் கார்டா?"

"வெளையாடற கார்டு."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "சீட்டுக்கட்டா? போலீஸ் கேஸ் ஏதும் ஆவாதே?"

யூசுப் போனில் படம் காட்டினான். நெருப்பு கக்கும் மிருகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசீது போட்டார்.

அப்புறம் தகவலே இல்லை. பார்சல் ஆபீசில் கேட்டால் "வண்டி போயிட்டிருக்கு". பெங்களூருக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. மழை விடவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஒருவருடைய ஆதார் அட்டையை இன்னொருவரிடம் கொடுத்துத் திட்டு வாங்கினேன். இதற்கு நடுவில் மாமா கூப்பிட்டார். திருச்சியில் விசாவுக்கான மெடிக்கலுக்கு வரச் சொல்கிறார்களாம்.

"பார்சல் சேரட்டும் மாமா, சொல்றேன்" என்றான் யூசுப்.

ஒரு மத்தியானம் கடைக்காரரே கூப்பிட்டார். யூசுப் ஸ்பீக்கரில் போட்டான்.

"எல்லாம் பத்திரமா வந்துச்சு தம்பி. ஒரு மூலகூட மடங்கல. என்னமோ வெங்காய வாசனைதான் அடிக்குது."

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் என்னைத் தள்ளிவிட்டு, "சார், இதே மாதிரி வேற ஊர்க் கடைங்கள்ள தேடி மாசாமாசம் அனுப்பவாங்க?" என்று கேட்டான்.

"வேணாம் தம்பி. பசங்க இப்ப போன்லதான் வெளையாடுறாங்க. இதோட நானும் நிறுத்திக்கலாம்னு இருக்கேன்."

"சரிங்க" என்றான் யூசுப். போனை வைத்தான். குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினான். ஈர முகத்தோடு வந்து மாமாவைக் கூப்பிட்டான். "மெடிக்கலுக்கு வரேன்னு சொல்லிடுங்க மாமா."

எந்தப் பயமும் பலிக்கவில்லை. பெட்டி நனையவில்லை, தொலையவில்லை. அவன்தான் போய்விட்டான்.

மண்டியை இடித்துவிட்டார்கள். ஃபேன்சி ஸ்டோர் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. யூசுப் லீவில் வந்தால் என்னைப் பார்க்காமல் போவதில்லை. போன தடவை பஸ் ஸ்டாண்டில் டீ சொன்னேன். தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றான்.

"சுகராடா?"

"லேசாத்தான். நீ எப்டி இருக்க?"

"நல்லாருக்கேன்" என்றேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொல்லவில்லை. அவனும் வேறெதையோ சொல்லாமல் போனதாகத்தான் தோன்றியது. ஒருவன் புரண்டு படுத்தால் மற்றவன் எழுந்து உட்கார்ந்து "என்னடா" என்று கேட்டது அந்த அறையோடு போயிற்று.