பிரிக்காமலே குப்பை

எங்கள் ஆஸ்பத்திரியில் என் அண்ணிக்குக் குப்பைக்காரி என்று பெயர். மெயில் சர்வர் அவள் பொறுப்பு. தினமும் ஸ்பாம் என்னும் குப்பை மெயில் பெட்டியைக் கிளறி, தவறி விழுந்த நல்ல மெயில்களைப் பொறுக்கி எடுப்பாள். பட்டப்பெயர் வைத்தவர் அவளுடைய மேனேஜர். அந்த ஆளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சில மெயில்களில் எழுத்துகள் குறியீடாக மாறித்தான் பயணம் செய்யும். உறையில் போட்ட கடிதம் மாதிரி; பிரித்தால் உள்ளே ஒழுங்கான எழுத்து இருக்கும். மோசடிக்காரர்களும் அப்படி ஒளித்து அனுப்புகிறார்களாம். அதனால் குறியீட்டில் வரும் எதையும் பிரித்துப் பார்க்காமலே குப்பையில் தள்ளும்படி மேனேஜர் விதி போட்டிருந்தார். மாற்றச் சொல்லி அண்ணி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "குப்பை கிளறினது போதும், வேற வேலையைப் பாரு" என்று அதற்கும் தடை போட்டார்.

அந்த வாரம்தான் என் வார்டுக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். காலில் புண் புரையோடியிருந்தது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று வெளி லேப்தான் சொல்ல வேண்டும். நர்ஸ் நான், கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெயிலில் ரிப்போர்ட் வரவில்லை.

"இனி காத்திருந்தா உயிருக்கே ஆபத்து. காலையில காலை எடுத்துடலாம்" என்றார் டாக்டர். டிரைவரின் மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள்.

லேபுக்குப் போன் போட்டேன். "புது சாஃப்ட்வேர்ல ரெண்டு தடவை அனுப்பிட்டோமே மேடம்!"

எனக்குச் சுருக்கென்றது; அண்ணியிடம் ஓடினேன். "அண்ணி, உங்க குப்பையில பாருங்க!"

இரண்டும் குறியீட்டில் வந்து அங்கேதான் கிடந்தன. மருந்து மாறியது, கால் தப்பியது.

அண்ணி யாரையும் கேட்கவில்லை. முதலில் பிரித்துப் படி, பிறகு தீர்ப்புச் சொல் என்று, மெயிலைச் சலிக்கும் ஃபில்டரை மாற்றினாள். பழைய குப்பையை அதில் மறுபடி ஓட்டினாள். நல்ல மெயில்கள் கொத்துக் கொத்தாக வெளியே வந்தன.

மறுநாள் மேனேஜர் குதித்துக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டு மாத்துன? லாட்டரி விழுந்திருக்குன்னு எனக்கு மெயில் வருது! வெறும் குப்பை!"

அண்ணி கோபத்தோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"பிரிச்சுப் படிச்சிட்டுத்தானே சார் குப்பைன்னு சொல்றீங்க? அந்த டிரைவரோட ரிப்போர்ட்டை யாரு சார் பிரிச்சா?"